ஆறு செகண்ட் முந்திய சிரிப்பு

டிவியில படம் நல்லாத்தானுங்க வருது. சத்தமும் நல்லாத்தான் வருது. மழை பேஞ்சாக்கூட நிக்கறதில்லை. அதுல ஒரு குத்தமும் நான் சொல்ல மாட்டேன். லேட்டா வருதுங்க, அதுதான் கம்ப்ளைண்ட்டு. ஆறு செகண்ட் லேட்டு.

சிரிக்கறீங்க. சிரிங்க, பரவால்லை. உங்க ஆபீசுல இருந்து மொதோ தடவை வந்தவரும் இப்படித்தான் சிரிச்சாரு. ரெண்டாவது தடவை வந்தவரு சிரிக்கவே இல்லை, என்னைப் பாவமாப் பாத்துப்போட்டுப் போனாரு. அதுக்கு நீங்க சிரிச்சது எவ்வளவோ தேவலை. பையை அப்படி வெய்யுங்க தம்பி. மாடிக்கு ஏற வேண்டாம், டிஷ்ஷைத் தொடவே வேண்டாம். உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அது கால் ஆடும். இதுல உக்காருங்க. வரக்காப்பி குடிப்பீங்களா? பால் வாங்கறதில்லை, ஒருத்தனுக்கு அரை லிட்டர் வாங்கி என்ன பண்றது.

இப்ப மணி ஆறேகால். ஏழு மணிக்கு முன்னாடி உங்களை விட்டுருவேன், ஏன்னா ஏழு மணிக்கு எனக்கு வேலை இருக்குது. இன்னிக்குத்தான் நான் பாக்கற சீரியலுக்குக் கடைசி எபிசோடு. இன்னிக்கு விட்டுப்போட்டா அப்புறம் எங்கூடப் போன்ல சேந்து பாத்த ஒரு மனுசனைக் கூப்பிட எனக்கு ஒரு காரணமும் இல்லீங்க. அதுக்காகத்தான் காலையில இருந்து மூணு தடவை உங்க ஆபீசுக்குப் போன் பண்ணுனேன்.

நம்ம பேரு அவிநாசியப்பன். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லுல முப்பத்திநாலு வருசம் டைம் ஆபீஸ் கிளார்க்கு. டைம் ஆபீசுன்னாத் தெரியுமில்லீங்க? கேட்டுக்கு உள்ளார இடது கைப் பக்கம், ஜன்னல் வெச்ச ரூமு. சங்கு ஊதி அஞ்சு நிமிசம் வரைக்கும் கார்டு குத்தலாம். ஆறாவது நிமிசம் வந்தா அரை நாள் ஆப்சென்ட்டு. எங்க பெரியம்மா மகன் கதிரவேலு ஒரு நாள் ஆறாவது நிமிசம் வந்து ஜன்னல்ல நின்னான். அண்ணா, சைக்கிள் பஞ்சர்ங்கறான். ஆப்சென்ட்டுதான் போட்டேன். இன்னிக்கு வரைக்கும் எங்கூடப் பேசறதில்லை, ஒரு நோம்பி விசேசத்துக்குக்கூடக் கூப்பிடறதில்லை. நேரத்துக்கு வந்திருந்தாப் பேசிக்கிட்டு இருந்திருப்பான்.

அதனால ஆறு செகண்டுன்னா உங்களுக்கு அது ஒண்ணுமில்லாம இருக்கலாம். எனக்கு அது ஆறு செகண்டு.

என்ன சுத்திப் பாக்கறீங்க, ஊட்டுல ஆருமில்லையான்னா? சம்சாரம் பெங்களூருல இருக்குதுங்க. பொண்ணோட பிரசவத்தைப் பாத்துக்கப் போச்சு. பையன் பொறந்தான், சுகப்பிரசவம். இப்ப ரெண்டாங்கிளாஸ் படிக்கறான், நெம்பச் சுட்டி. அவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, அவனைப் பாத்துக்க ஆள் வேணுமில்லீங்க? அதான் வர முடியறதில்லை. வந்துருவா.

சரி, விசயத்துக்கு வாரேன். "ஒரே மோட்டார் அஞ்சு போர்ஷன்" பாக்கறீங்களா? அட, பாக்கறதில்லையா! டிஷ் மாட்டற வேலை பாத்துக்கிட்டு அதைப் பாக்காம இருக்கறீங்களே. திங்கள் டு வெள்ளி, சாயங்காலம் ஏழு டு ஏழரை. ஒரு காம்பவுண்டு, அஞ்சு குடித்தனம், எல்லாத்துக்கும் சேத்து ஒரே தண்ணி மோட்டாரு. மோட்டார் ஸ்விட்சுக்கு ஒரு இரும்புப் பொட்டி, அதுக்கு ஒரு பூட்டு, சாவி ஓனர் தெய்வசிகாமணி இடுப்புல. அந்தச் சாவியைச் சுத்தித்தான் மொத்தக் கதையும். மூணாவது போர்ஷன் சுலோச்சனா இருக்குது பாருங்க, அது குடம் குடமாப் பிடிச்சு வெச்சுக்கும். சோத்துக் குண்டாவுல பிடிக்கும், டிபன் பாக்ஸுல பிடிக்கும், ஒரு தடவை புருசனோட ஹெல்மெட்டுல பிடிச்சு வெச்சு, அவன் அவசரத்துல எடுத்துத் தலையில போட்டுக்கிட்டு... நீங்களே சிரிக்கறீங்க பாருங்க. சொன்னதுக்கே இப்படின்னாப் பாத்தா?

அதுக்கு ஒரு வாட்சப் குரூப்பு இருக்குதுங்க, "அஞ்சு போர்ஷன் ரசிகர்கள்"னு. இருநூத்திச் சொச்சம் பேரு. சேலத்துல ஒரு டீச்சரம்மா நடத்தறாங்க. காலையில பூவும் குட்மார்னிங்கும் வந்து குமியும், அதை விட்டுருங்க. ஏழரைக்கு மேல பாக்கணும் குரூப்பை. ஓனர் கஞ்சனா, கண்டிப்பானவனான்னு ஒரு சண்டை. நான் கண்டிப்பானவன் கட்சி. நேரத்துக்கு மோட்டார் போடறான், நேரத்துக்கு நிறுத்தறான், அதுல என்னங்க தப்பு? அதுக்கு ஒருத்தர் எழுதறாரு, "அந்த ஆளு பொண்டாட்டி ஏன் எந்த எபிசோடுலயும் சிரிக்க மாட்டேங்கு, அதை யாராவது கவனிச்சியளா"ன்னு. இது என்ன கேள்வி? அவ சிரிக்கறதுக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்?

அப்படிக் கேட்ட ஆளுதான் பெர்க்மான்ஸ். தூத்துக்குடிக்காரரு. ஹார்பர்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு. சம்சாரம் தவறி ஒம்பது வருசம். ஒரே மகன், கப்பல்ல இருக்கான். சுலோச்சனாகிட்ட மொத்தம் எத்தனை குடம்னு எனக்கும் அவருக்கும் குரூப்புல தகராறு. நான் பதினாலுன்னேன். அவரு பதினஞ்சுன்னாரு. வார்த்தை முத்திப் போயி டீச்சரம்மா, "ரெண்டு பேரும் தனியாப் பேசிக்கோங்க"ன்னுட்டாங்க. நம்பரை எடுத்து நானே கூப்பிட்டேன், ஒரு கை பாத்துப்போடலாம்னு. "அண்ணாச்சி, துணி காயப் போட்டிருக்கா பாருங்க, அந்தப் பாவாடைக்குப் பின்னால ஒண்ணு இருக்கு"ங்கறாரு. மறுநாள் ஏழு மணிக்குப் போனைக் கையில வெச்சுக்கிட்டே ரெண்டு பேரும் பாத்தோம். இருந்துதுங்க. பாவாடைக்குப் பின்னால பதினஞ்சாவது குடம்.

அன்னையிலிருந்து அது பழக்கமாயிருச்சு. ஆறு அம்பத்தெட்டுக்கு அவரு கூப்பிடுவாரு. ஸ்பீக்கர்ல போட்டு டிவி பக்கத்துல, இந்தா இந்த ஸ்டூல் மேல வெச்சுருவேன். விளம்பரம் வந்தாப் பேசுவோம். என்ன சமையல், முழங்கால் எப்படி, மகன் எந்தத் துறைமுகத்துல இருக்கான். ஞாயித்துக்கிழமை அவரு "மண்டபம் காலியில்லை"ன்னு இன்னொண்ணு பாப்பாரு. அதுதான் ஒசத்திம்பாரு. எனக்கு அது பிடிக்காது, ஒரு எபிசோடுல பந்தியில உக்காந்தவன் அடுத்த எபிசோடுலதான் எந்திரிக்கறான். ஆனாலும் அவருக்காகப் பாத்துப்போட்டுத் திட்டுவேன். பாக்காமத் திட்டக்கூடாதில்லீங்க.

இப்பத்தான் அந்த ஆறு செகண்டு வருது. கேளுங்க.

ரெண்டாவது நாளோ மூணாவது நாளோ, சுலோச்சனா சும்மா நடந்து போகுது, ஒண்ணுமே நடக்கலை, இவரு போன்ல "எய்யா!"ன்னு ஒரு சத்தம், அப்புறம் சிரிப்பு. சிரிப்புன்னா உங்க சிரிப்பு எஞ்சிரிப்பு மாதிரி இல்லீங்க. லாரி ஸ்டார்ட் ஆகாம முக்குமே, அப்படி மூணு தடவை முக்கிப்போட்டு அப்புறம் ஒரேயடியாக் கிளம்பிரும். எனக்கு ஒண்ணும் புரியலை. மனுசனுக்கு என்னமோ ஆயிருச்சோன்னு நினைக்கறேன், அதுக்குள்ள என் டிவியில சுலோச்சனா வழுக்கி விழுந்து தெய்வசிகாமணி வேட்டியைப் பிடிக்குது. அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்துது. ஆனா பாதிச் சிரிப்பு. மீதியை அவரு ஏற்கெனவே சிரிச்சு முடிச்சுட்டாரே.

மில்லுல இருந்து கொண்டாந்த ஸ்டாப் வாட்ச் வெச்சிருக்கறேன். நியூஸ் ஆரம்பிக்கற மணிச்சத்தத்தை அவர் பக்கத்துல கேக்கச் சொல்லி, நம்ம பக்கத்துல கேட்டு, நாலு நாள் அளந்தேன். சுத்தமா ஆறு செகண்டு. அவங்க ஊர்ல கேபிள், நம்முளுது டிஷ். அவருக்கு முன்னாடி வந்துருது. சரி, கண்டுபிடிச்சாச்சு, இனிச் சரி பண்ணலாம்னு அவருகிட்டச் சொன்னேன்: "சிரிப்பு வந்தா அடக்கிக்கிட்டு மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டுன்னு ஆறு எண்ணுங்க. எண்ணிப்போட்டுச் சிரிங்க. ரெண்டு பேருக்கும் ஒண்ணாப் போயிரும்."

"சிரிப்பாணி என்ன ஷிப்ட்டு பார்த்தா வரும் அண்ணாச்சி?"ங்கறாரு. இருந்தாலும் பாவம், முயற்சி பண்ணுனாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு வரைக்கும் மூச்சுக் கேக்கும். நாலுல குக்கர் மாதிரி பீச்சிருவாரு. "வாய்க்குள்ள நிக்க மாட்டேங்கு அண்ணாச்சி, நான் என்ன செய்ய?" நான் கோவிச்சுக்குவேன். அவரு அதுக்கும் சிரிப்பாரு. இப்படியே எட்டு மாசம் போச்சுங்க.

ஆடி மாசத்துல மூணு வாரமா ஒரு கதை ஓடுச்சு. டேங்க்குல தண்ணி குறையுது, ஆரோ திருடறாங்க, ஆருன்னு தெரியலை. குரூப்பே ரெண்டாப் பிரிஞ்சு கெடக்குது. நான் நோட்டுப் போட்டு எழுதி வெச்சிருந்தேன், எந்தப் போர்ஷன் ஆளு எந்த நேரத்துல மோட்டார்கிட்டப் போச்சுன்னு. எங்கணக்குப்படி நாலாவது போர்ஷன்ல இருக்கற, லோன் வாங்குன பையன்தான் திருடன். வெள்ளிக்கிழமை தெரியப்போகுது. நான் சாயங்காலம் குளிச்சுப்போட்டு உக்காந்துட்டேன், சொன்னா நம்புவீங்களா? எல்லாரும் டேங்க்குக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கறாங்க. ஒரு கை வந்து குழாயைத் திறக்குது. டார்ச் லைட் மேல போகுது, மேல போகுது... இவரு போன்ல கத்தறாரு, "அட, ஓனர் பொண்டாட்டிலா! நான் அன்னைக்கே சொன்னேன்லா!"

போச்சு. மூணு வாரம் போச்சு. என் டிவியில டார்ச் இன்னும் கழுத்துக்கே வரலை.

நான் கோவக்காரனில்லீங்க. மில்லுல கேட்டுப் பாருங்க, ஒருத்தனைக் கை நீட்டுனதில்லை. ஆனா அன்னிக்கு எனக்கு எப்படி வந்துதோ தெரியலை. வாங்க போங்கன்னே பேசறவன், நீ வான்னு பேசிப்போட்டேன். "ஆறே ஆறு செகண்டு வாயை மூட முடியாதாய்யா உனக்கு? உங்கூட எவன்யா இருப்பான்? அதான் ஒருத்தருமில்லாம ஒத்தையில கெடக்கறே"ன்னு சொல்லிப்போட்டேன்.

அந்தப் பக்கம் அவரு டிவி சத்தம் மட்டும் கேக்குது. என் டிவியில இன்னும் வராத வசனமெல்லாம் போன்ல வந்துக்கிட்டே இருக்குது. அப்புறம் "சரிங்க சார்"ன்னாரு. எட்டு மாசமா அண்ணாச்சி அண்ணாச்சின்னு கூப்பிட்ட மனுசன்.

மறுபடி திங்கக்கிழமை ஆறு அம்பத்தெட்டுக்குக் கூப்பிட்டாருங்க. தவறலை. ஆனா சிரிக்கலை. அரை மணி நேரமும் சிரிக்கலை. சத்தத்தையே அடைச்சு வெச்சுக்கிட்டாருன்னு நினைக்கறேன், மூச்சுகூடக் கேக்கலை. விளம்பரத்துல நான் பேசுனா, "ஆமா சார்", "நல்லாருக்கேன் சார்." இப்படி எட்டு நாள். ஒம்பதாவது நாள் கூப்பிடலை.

இருக்காரு, நல்லாத்தான் இருக்காரு. குரூப்புல எழுதறாரு. அதுலயும் பாருங்க, ஏழே முக்காலுக்கு வந்து, "எல்லோரும் பார்த்து முடித்தாச்சா? யாருக்கும் மிச்சம் இல்லையே?"ன்னு கேட்டுப்போட்டு, அதுக்கப்புறம்தான் ஒரு வரி எழுதுவாரு. ஆரைச் சொல்றாருன்னு எனக்குத் தெரியாதா? இருநூறு பேர்ல எனக்கு மட்டும்தான் அது சுடும்.

ரெண்டு மாசம் ஆச்சுங்க. தினமும் நான் ஒருத்தன்தான் பாக்கறேன். இடைஞ்சலே இல்லை. எல்லா ஜோக்கும் முழுசா வருது, ஆரும் முந்திக் கெடுக்கறதில்லை. நான் கேட்டது அதுதானே? ஆனா எனக்குச் சிரிப்பு வர்றதில்லீங்க. எங்க சிரிக்கறதுன்னே தெரியலை. முன்னாடியெல்லாம் அவரு அங்க முக்குனார்னா, நான் இங்க சேர்ல நுனிக்கு வந்துருவேன், ஏதோ வரப்போகுது, ஏதோ வரப்போகுதுன்னு. அந்த ஆறு செகண்டும் நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன் தெரியுமா? வாயெல்லாம் பல்லா உக்காந்திருந்தேன். இப்ப ஜோக்கு வருது, போகுது. விளம்பரம் வந்தா ஸ்டூலைப் பாக்கறேன். தனியா இருக்கறது எனக்குப் புதுசில்லை. ஆனா இது தாங்கலைங்க.

போன ஞாயித்துக்கிழமை சம்சாரம் மயிலாத்தா வீடியோவுல வந்தா. அவகிட்ட இதையெல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டா. கேட்டுப்போட்டு, "அவரு எட்டு நாள் பொறுத்துக்கிட்டாரு. நான் முப்பத்தோரு வருசம்"னா. அவ்வளவுதான். பேரனுக்குப் பரீட்சைன்னு வெச்சுட்டா. அவ எப்பவும் அப்படித்தான், ஒண்ணு பேசுனா ஒண்ணு பேசுவா. இங்க இருந்தப்போ டிவி பாக்கறப்ப இடையில இடையில சிரிப்பா, என்ன சொன்னான் என்ன சொன்னான்னு கேப்பா. நான் உஷ்ஷும்பேன். அவ்வளவுதான், வேற ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்புறம் அவ சமையக்கட்டுல உக்காந்து ரேடியோ கேக்க ஆரம்பிச்சுட்டா. அதுவும் சத்தமாத்தான் இருக்கும். நான் போய்க் குறைச்சு வெச்சுட்டு வருவேன்.

...

வரக்காப்பி ஆறிருச்சா? குடிங்க. நான் எங்க விட்டேன்?

ஆங், நேத்து. நேத்து மனசைக் கல்லாக்கிக்கிட்டு நானே கூப்பிட்டேன். ஆறு அம்பத்தெட்டுக்கு. எடுத்தாரு. "சொல்லுங்க சார்." நாளைக்குக் கடைசி, இன்னிக்கும் நாளைக்கும் சேந்து பாக்கலாமான்னேன். "பார்க்கலாம் சார்"ன்னாரு. ஸ்டூல்ல வெச்சேன். சுலோச்சனா காலி பண்ணிக்கிட்டுப் போகுது, பதினஞ்சு குடத்தையும் ஆட்டோவுல ஏத்துது, ஆட்டோக்காரனுக்கு உக்கார இடமில்லை. சிரிச்சாருங்க! பெர்க்மான்ஸ் சிரிச்சாரு. என் டிவியில எப்ப ஜோக்கு வந்துதோ அப்பவே, கரெக்டா, ஒரு செகண்டு பிசகாம.

புரியுதுங்களா? எண்ணறாரு. அங்க உக்காந்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஆறு வரைக்கும் எண்ணிப்போட்டு, அப்புறம் சிரிக்கறாரு. லாரி முக்கறதெல்லாம் இல்லை. "ஹா ஹா ஹா"ன்னு பள்ளிக்கூடத்துல வாசிக்கற மாதிரி மூணு ஹா. அரை மணி நேரத்துல பதினோரு தடவை. பதினோரு தடவையும் நேரம் தப்பலை. முப்பத்திநாலு வருசத்துல அவ்வளவு ஒழுங்கா ஒருத்தனும் எங்கிட்டக் கார்டு குத்துனதில்லீங்க. முடிஞ்சதும், "சரியா இருந்துதா சார்?"ங்கறாரு. போனை வெச்சுட்டேன்.

அதனால உங்களை எதுக்குக் கூப்பிட்டேன்னா, டிஷ்ஷைச் சரி பண்றதுக்கில்லை. சிக்னல் மேல சேட்டிலைட்டுக்குப் போயித் திரும்பி வர்ற சமாச்சாரம், ஒண்ணும் பண்ண முடியாதுன்னு மொதோ தடவை வந்தவரே சொல்லிட்டாரு. எனக்கு ஒரு சீட்டு மட்டும் வேணும். கோளாறு இந்த வீட்டு டிஷ்ஷுலதான் இருந்துது, இன்னிக்குச் சரி பண்ணியாச்சு, இனி லேட்டு இல்லைன்னு. உங்க கையெழுத்துல. அதைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிருவேன். அப்புறம் அவரு எண்ண வேண்டியதில்லை பாருங்க. வர்றப்போ சிரிச்சுக்குவாரு.

பொய்தான். தெரியும். ஆறு செகண்டு அப்படியேதான் இருக்கும். அதுக்குத்தான் யோசிச்சு வெச்சிருக்கறேன். அவரு எப்பச் சிரிக்கறாரோ, அப்பவே நானும் சிரிச்சுருவேன். எனக்கு இங்க ஒண்ணுமே வந்திருக்காது. பரவால்லை. ஜோக்கு பின்னாடி வந்துக்கட்டும்.

நானே வாயால சொல்லலாமேங்கறீங்களா? சொல்லலாம். வரமாட்டேங்குதுங்க. லேட்டா வந்தவங்க எழுதிக் குடுக்கற மன்னிப்புக் கடுதாசியெல்லாம் முப்பத்திநாலு வருசம் வாங்கி வாங்கி ஃபைல் பண்ணுனவன் நான். ஒரு கடுதாசி எழுதுனதில்லை. எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியலை.

காலையில இருந்து சிரிச்சுப் பழகறேன். ஒண்ணுமில்லாததுக்கு. உங்க முன்னால ஒரு தடவை சிரிச்சுக் காட்டட்டுங்களா? நம்பற மாதிரி இருக்குதான்னு சொல்லுங்க. இருங்க... ஹ... ஹ... ஹஹ்ஹ...

என்ன தம்பி! அவ்வளவு மோசமாவா இருக்குது? அட, எதுக்கு இப்படிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறீங்க? காப்பி சிந்துது பாருங்க, காப்பி, காப்பி... நிறுத்துங்க... அட, எனக்கும்... இருங்க, கண்ணைத் துடைச்சுக்கறேன்.

எழுதறீங்களா? இப்பெல்லாம் சீட்டு இல்லையா, எல்லாம் போன்லயேவா? வெள்ளைத்தாள் நான் தரேன். கம்பெனி பேரெல்லாம் வேண்டாம், உங்களுக்கு வம்பு வந்துரும். இந்தாங்க பேனா. இருங்க, கார்பன் வெச்சுத் தரேன், இன்னும் ஒரு கட்டு இருக்குது டைம் ஆபீசுல இருந்து கொண்டாந்தது. அழுத்தி எழுதுங்க, ரெண்டு காப்பி வேணும். ஒண்ணு தூத்துக்குடிக்கு. இன்னொண்ணு பெங்களூருக்கு இருக்கட்டும்.

பேரு ஆர் பேரும் போட வேண்டாம். கோளாறு இந்த வீட்டுலதான் இருந்துதுன்னு மொதோ வரியில எழுதுங்க. ரெண்டு பேருக்கும் அதேதான்.